மதுரைப் பக்கம்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். எனக்கு ராமநாதபுரம் மாவட்டத்தில் முதுகுளத்தூருக்கும் சாயல்குடிக்கும் நடுவில் ஒரு கிராமம். பதினோரு வருடமாகச் சென்னையில் வேலை. போன மாதம் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு தண்ணீருக்குப் போகும் பெண்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நம்ம பக்கத்தைப் பற்றி வந்திருக்கிறதே என்ற சந்தோஷத்தில் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். "ஐயோ பாவம், இந்த ஊர்லயா வளர்ந்தே?" என்றார் ஒருவர். "தண்ணியில்லாக் காடுன்னு சொல்வாங்களே, அதுவா?" என்றார் இன்னொருவர். அன்று மத்தியானம் சாப்பிடும்போது ஒருத்தர் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து என் பக்கம் நகர்த்தி வைத்தார். விளையாட்டுக்குத்தான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

அதுவரை அங்கே யாரிடமும் நான் ஊர்ப் பெயரைச் சொன்னதில்லை. "மதுரைப் பக்கம்" என்பேன். உடனே பேச்சு ஜிகர்தண்டா, மல்லிகைப்பூ என்று போய்விடும். நிம்மதி. இப்போது அதுவும் போச்சு.

கேட்க வந்தது இதுதான். நம்ம ஊரில் குடம் மட்டும்தான் இருக்கிறதா? வெளியூர்க்காரர்கள் படிக்கிற மாதிரி எழுதும்போது ஏன் எப்போதும் வெடித்த நிலமும் கருவேலங்காடும்தான் வருகிறது? நான் மதுரை என்று பொய் சொல்கிறேன், நீங்கள் உண்மையைச் சொல்லி ஊர் மானத்தை வாங்குகிறீர்கள். இரண்டில் எது தேவலை? கோபமாக எழுதியிருந்தால் மன்னித்துவிடுங்கள்.

தங்கை,
ரா.

*

அன்புள்ள ரா.,

மன்னிப்பெல்லாம் எதற்கு? கோபத்தில் பாதி நியாயம். அந்தப் பாதிக்குப் பிறகு வருகிறேன். முதலில் மதுரையை முடித்துவிடலாம்.

"மதுரைப் பக்கம்" பொய்யில்லை. முதுகுளத்தூரில் நிற்கும்போது கேட்டால் கிராமத்தின் பெயரைச் சொல்கிறோம். பரமக்குடியில் கேட்டால் முதுகுளத்தூர். மதுரையில் கேட்டால் "ராம்நாடு". சென்னைக்குப் போனால் மதுரை. கேட்பவருக்குத் தெரிந்த ஊர் எதுவோ அதில் போய் நின்றுகொள்கிறோம், அவ்வளவுதான். கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டரை ஒரே சொல்லில் தாண்டுவது கொஞ்சம் அதிகம் என்றாலும், எல்லா ஊர்க்காரர்களும் செய்கிற காரியம். மாவட்டப் பெயரையாவது சொல்லலாமே என்பார்கள். அதுவும் நிலையாக நிற்கவில்லை. 1985 வரை சிவகாசியும் காரைக்குடியும் ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தன. மாவட்டத்தை மூன்றாகப் பிரித்ததும் வெடியும் போச்சு, செட்டிநாடும் போச்சு. பேர் மட்டும் நமக்கு மிஞ்சியது. கூடவே அந்தக் 'காடு' பட்டமும்.

கேட்பவர் மாறினால் ஊரும் மாறிவிடும் என்பதை நான் காசியில் பார்த்தேன். மதுரை என்றேன், தலையாட்டினார்கள். ராமேஸ்வரம் ஜில்லா என்றதும் விடுதியில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து கும்பிட்டார். அவர் அங்கிருந்து கங்கை நீரோடு சேதுவுக்குப் போக வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருப்பவர். அவர் கும்பிட்ட மாவட்டம் நம் மாவட்டம்தான். உங்களை நோக்கித் தண்ணீர் பாட்டிலை நகர்த்தினாரே, அவர் சிரித்ததும் அதே மாவட்டத்தைப் பார்த்துத்தான். துபாயில் இருக்கும் என் மைத்துனரிடம் கேட்டால் "கீழக்கரைப் பக்கம்" என்பார். அங்கே அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. நீங்கள் அதை எழுதவில்லை, ஆனால் தெரிந்திருக்கும். நம் மாவட்டத்துக்குள்ளேயே ஊரைச் சொல்லாமல் மழுப்புகிறவர்கள் உண்டு. முதலில் "எந்த ஊரு?" அப்புறம் "ஊருக்குள்ள எந்தப் பக்கம்?" அதற்கு அப்புறம் "யாரு வீட்டுப் பிள்ளை?" மூன்றையும் கூட்டினால் கேட்டவருக்கு வேண்டியது கிடைத்துவிடும். சாதியை நேராகக் கேட்பது மரியாதை இல்லையாம். முதுகுளத்தூர் என்றால் வயதானவர்களுக்கு 1957 சாதிக் கலவரம் ஞாபகம் வரும். மற்றவர்களுக்கு ஒவ்வொரு செப்டம்பர், அக்டோபரிலும் தலைவர்களின் நினைவு நாட்களை ஒட்டித் தொலைக்காட்சியில் வரும் போலீஸ் வண்டிகள். இதையெல்லாம் பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் இருப்பவரிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. மதுரை என்று சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்ப்பவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

சரி, தண்ணியில்லாக் காட்டுக்கு வருகிறேன்.

இந்தப் பேரை நாம் வைக்கவில்லை. அரசு அலுவலகங்களில் மேலதிகாரி கீழே இருப்பவரை மிரட்டுவதற்கு ஒரு இடம் தேவைப்பட்டது. "மாத்திடுவேன், தண்ணியில்லாக் காட்டுக்கு" என்பார்கள். நாம் பிறந்து வளர்ந்து தாலி கட்டிப் பிள்ளை பெற்று வாழும் இடம் மற்றவர்களுக்குத் தண்டனை. நான் எட்டாவது படிக்கும்போது தஞ்சாவூர்ப் பக்கமிருந்து ஒரு கணக்கு வாத்தியார் மாற்றலாகி வந்தார். வந்தது கார்த்திகை மாதம். மூன்று நாள் அடைமழை, கண்மாய் (ஊர் ஏரி) நிறைந்து உபரித் தண்ணீர் மறுகால் பாய்ந்து ரோட்டை அறுத்துவிட்டது. டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் பள்ளிக்கூடம் வந்து சேர்ந்தார். எங்கள் தலைமையாசிரியரைப் பார்த்து அவர் சொன்ன முதல் வார்த்தை, "தண்ணியே இருக்காதுன்னு சொல்லித்தானே சார் அனுப்பினாங்க?" வகுப்பில் நாங்கள் இதை நடித்துக் காட்டாத நாள் கிடையாது.

ராமநாதபுரம் மாவட்டத்தின் சராசரி மழை வருடத்துக்கு 800 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். கோயம்புத்தூர் நகரத்தின் சராசரி அதைவிடக் குறைவு. ஆனால் கோவைக்கு மேற்கே மலை இருக்கிறது, சிறுவாணி இருக்கிறது. நமக்கு மலை கிடையாது. தரை தட்டையாகக் கடலைப் பார்த்துக் கிடக்கிறது. வருடத்து மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிக் கொட்டித் தீர்த்துவிடும். தோண்டினால் பல இடங்களில் உப்பு. ஆகவே பெய்த தண்ணீரைப் பெய்த இடத்திலேயே கரை போட்டு நிறுத்தியாக வேண்டும். நம் முன்னோர் செய்தது அதைத்தான். எங்கே பார்த்தாலும் கண்மாய். ஒரு கண்மாய் நிறைந்து கலுங்கு என்ற உபரிநீர் வாசல் வழியாக மறுகால் போனால் அது அடுத்த கண்மாய்க்கு வரத்து. அதன் மறுகால் அதற்கடுத்த ஊருக்கு. மேலே இருக்கும் ஊரில் எவனோ வரத்துக்காலை அடைத்துவிட்டால் கீழே நாலு ஊர் சண்டைக்கு வரும். குடிக்கிற தண்ணீருக்குத் தனியாக ஊருணி, அதில் செருப்போடு இறங்கினால் கிழவிகள் விட மாட்டார்கள்.

வைகையின் கதையே இப்படித்தான். வருசநாட்டு மலையில் புறப்பட்டு வரும் ஆறு, வழியெல்லாம் கண்மாய்களுக்குக் கொடுத்துவிட்டு ராமநாதபுரம் பெரிய கண்மாயில் வந்து அடங்குகிறது. மிஞ்சினால்தான் ஆற்றங்கரை என்ற ஊர்ப் பக்கம் கடல். சிவனுக்கு நஞ்சு கொடுத்த பாவி கடல் என்பதால் வைகை அதில் போய்ச் சேர மறுக்கிறது என்று ஒரு பழைய தனிப்பாடல் இருக்கிறது. கவிஞர் ஒருவர் ஊர்ப் பெருமையை வெளியூர்க்காரர் முன் காப்பாற்றியது அப்படி. ஆர்.எஸ்.மங்கலம் கண்மாயைப் பற்றி நாமே சொல்லிக்கொள்வது "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை". ஒரு நாரையால் ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாத அளவுக்குப் பெரிய கண்மாய், மடைகள் நாற்பத்தெட்டு. இப்படி ஒரு சொலவடையை வைத்திருப்பவர்களைத்தான் தண்ணியில்லாதவர்கள் என்கிறார்கள்.

கவனித்திருப்பீர்கள், நம் ஆட்களுக்குள் பேசும்போது யாரும் வறட்சி என்ற சொல்லையே சொல்வதில்லை. "அரைக் கண்மாய்தான் கெடக்கு", "மறுகா போயி மூணு வருசமாச்சு" என்பார்கள். என் அம்மா கல்யாணம், பிறப்பு, சாவு எல்லாவற்றையும் கண்மாயை வைத்துத்தான் ஞாபகம் வைத்திருந்தார். நான் பிறந்தது கரை உடைந்த வருடம். புழுதியில் விதைத்துவிட்டு மழைக்காக வானத்தைப் பார்ப்பது, நெல் அறுத்து மிளகாய் போடுவது, மாசி பங்குனியில் தண்ணீர் வற்றும்போது கண்மாய் அழிந்து ஊரே மீன் பிடிக்க வலையும் கூடையுமாக இறங்குவது எல்லாம் அந்த அளவை ஒட்டியே நடக்கும். குண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உங்கள் அலுவலக நண்பர்கள் வீட்டு வத்தல் டப்பாவிலும் நம்ம ஊர் இருக்கலாம், பேர் தெரியாமல்.

இப்போது உங்கள் கோபத்தின் நியாயமான பாதி.

சில வருடங்களுக்கு முன் தனுஷ்கோடி போயிருந்தேன். 1964 டிசம்பர் புயலில் ஊர் அழிந்து, மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசே அறிவித்தது எல்லோருக்கும் தெரியும். 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தபின் கூட்டத்துக்குக் குறைவில்லை. இடிந்த தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஒரு அம்மா சங்கு, சிப்பி மாலைகளைப் பரப்பி உட்கார்ந்திருந்தார். காரில் வந்த ஒருவர் அவரிடமே போய், "இங்க மனுஷங்களே கிடையாதாமே?" என்று கேட்டார். அந்த அம்மா நூலைக் கோத்துக்கொண்டே, "ஆமாங்க, யாருமே கிடையாது, பொழுது சாஞ்சா பயமா இருக்கும்" என்றார். அவர் இரண்டு மாலை வாங்கிக்கொண்டு போனார். நான் நின்றுகொண்டே இருந்ததைப் பார்த்து அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பின்னால் ஓலைக்குடிசையைக் காட்டி, "வீடு அதான். நம்ம இருக்கோம்னு சொன்னா மாலை விக்காது தம்பி" என்றார்.

நான் எழுதிய கட்டுரையிலும் அந்த வியாபாரம் இருக்கிறது. குடம், தள்ளுவண்டி, வெடித்த கண்மாய், உச்சி வெயில் என்று எழுதினால் சென்னையில் இருப்பவர் கேட்டு வந்தது கிடைத்துவிடும். அதில் எதுவும் பொய் கிடையாது. சித்திரை மாதம் வந்து பார்த்தால் அப்படித்தான் இருக்கும். காவிரித் தண்ணீர் திருச்சிப் பக்கமிருந்து குழாயில் வரத்தான் செய்கிறது, எல்லாத் தெருவுக்கும் எல்லா நாளும் வருவதில்லை. இதை எழுதாமல் விட்டால் அதுவும் தப்பு. "எங்க ஊர்ல தண்ணிக்குப் பஞ்சமே இல்லை" என்று உங்கள் நண்பர்களிடம் சாதிக்க ஆரம்பித்தீர்கள் என்றால் நான் உங்கள் கட்சியில் இல்லை. என் தப்பு வேறு. பன்னிரண்டு மாதத்தில் சித்திரையை மட்டும் எடுத்து எழுதினேன். அந்தப் பெண்களைத் தண்ணீர் இல்லாதவர்களாக மட்டும் காட்டினேன். எந்தக் குழாயில் எத்தனை மணிக்கு வரும், எந்த ஊற்றில் உப்புக் கரிக்காது, யாரை முன்னால் விட்டால் யார் சண்டை போடுவார்கள் என்று அவர்கள் மண்டைக்குள் ஓடும் கணக்கு ஒரு வரிகூட அதில் இல்லை.

அந்தக் கட்டுரையில் வரும் பெரியம்மா எங்கள் பக்கத்துத் தெரு. பேரன் அவருக்குப் படித்துக் காட்டியிருக்கிறான். மறுநாள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டார். பாவம் பார்த்து எழுதிவிட்டேன் என்று திட்டப்போகிறார் என நினைத்தேன். "ஏம்ப்பா, என் வண்டி கிறீச்சு கிறீச்சுனு சத்தம் போடுதுன்னு எழுதினியாமே? போன மாசம்தானே பேரிங் மாத்துனேன். உருட்டிப் பாரு" என்றார். உருட்டிப் பார்த்தேன். ஆறு குடத்தோடு சத்தமே இல்லாமல் போனது. அந்தக் கிறீச்சு என் சரக்கு. சோகத்துக்காகச் சேர்த்தது.

இனி உங்கள் நண்பர்களிடம் என்ன சொல்வது? பழைய ஆற்றுப்படைகளில் பாணர்கள் செய்வார்களே, அந்த மாதிரி. எதிரே வருபவனிடம் இந்தப் பக்கம் போனால் இந்த ஊர் வரும், அங்கே இன்ன சோறு கிடைக்கும் என்பார்கள். கேட்பவன் அங்கே போகப்போகிறவன் என்பதால் வழி சரியாக இருந்தாக வேண்டும். அந்த பாட்டில்காரரையே கூப்பிடுங்கள். மதுரை மாட்டுத்தாவணியில் பரமக்குடி வண்டி, அங்கே இறங்கி முதுகுளத்தூர் வண்டி. தை மாதம் வரச் சொல்லுங்கள். சித்திரங்குடிக்கும் காஞ்சிரங்குளத்துக்கும் கூட்டிக்கொண்டு போகலாம், நாட்டுக் கருவேல மரங்களில் மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டியிருக்கும். இரண்டும் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்த இடங்கள். ஆனால் கண்மாயில் தண்ணீர் நின்றால்தான் பறவை வரும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் எனக்கு ஒரு போன் போட்டால் எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன். இன்றைக்குக் காலையில் போனபோது முக்கால் கண்மாய் கிடந்தது.