பழைய போனுக்குப் புது மணி

கைபேசி கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பட்டன் போன் ரிங்டோன் பற்றியவை. அதனால் டச் போன் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அப்பாவின் நோக்கியா 1100 இன்னும் நன்றாக ஓடுகிறது. அதில் நாமே மெட்டு போடலாம் என்று மாமா சொல்கிறார். நிஜமா? கம்ப்யூட்டர் வேண்டுமா? எனக்கு வர்ணம் வரை பாட்டு தெரியும். – வாசகி, மயிலாடுதுறை

நிஜம்தான். கம்ப்யூட்டர் வேண்டாம், கேபிள் வேண்டாம், காசும் வேண்டாம். வர்ணம் வரை வந்தவருக்கு இது சாயங்காலக் காபி ஆறுவதற்குள் முடிகிற வேலை.

2000-இல் வந்த 3310, 2003-இல் வந்த 1100 இரண்டிலும் கம்போசர் என்று ஒரு வசதி உண்டு. மெனுவில் எக்ஸ்ட்ராஸ் உள்ளே தேடுங்கள். சில மாடல்களில் டோன்ஸ் உள்ளே இருக்கும். திறந்ததும் எண் பட்டன்கள் ஹார்மோனியக் கட்டைகளாக மாறிவிடும். 1 முதல் 7 வரை ஏழு ஸ்வரங்கள். 1-ஐ அழுத்தினால் வருவது மேற்கத்திய ‘சி’, அதாவது நம் ஒரு கட்டை. அதையே ஸட்ஜமாக வைத்துக்கொள்ளுங்கள். பாடும்போது உங்கள் சுருதி ஐந்து கட்டையாகவே இருந்தாலும் பரவாயில்லை, போனுக்கு ஒரு கட்டைதான் வசதி.

அப்படி வைத்துக்கொண்டால் 1 2 3 4 5 6 7 என்று வரிசையாக அழுத்துவது சங்கராபரண ராகம். மோகனத்துக்கு 1 2 3 5 6. ஹம்ஸத்வனிக்கு 1 2 3 5 7. சுத்த சாவேரிக்கு 1 2 4 5 6. நீங்கள் முதலில் கற்ற மாயாமாளவகௌளைக்கு மட்டும் # பட்டன் வேண்டும். அது கடைசியாகப் போட்ட ஸ்வரத்தை அரைக் கட்டை ஏற்றும். சுத்த ரிஷபம் 1-க்குப் பின் #, சாதாரண காந்தாரம் 2-க்குப் பின் #, பிரதி மத்யமம் 4-க்குப் பின் #, சுத்த தைவதம் 5-க்குப் பின் #, கைசிகி நிஷாதம் 6-க்குப் பின் #. 3-க்கும் 7-க்கும் # எடுக்காது, ஏனென்றால் அவற்றுக்கு அடுத்த கறுப்புக் கட்டை கிடையாது. பன்னிரண்டு ஸ்வர ஸ்தானங்களும் அந்தச் சின்னப் போனுக்குள் இருக்கின்றன. முதன்முதலாக இதைக் கவனித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

மீதிப் பட்டன்கள்: 8 ஸ்வரத்தின் நீளத்தைக் குறைக்கும், 9 கூட்டும், 0 மௌனம், * ஸ்தாயி, அதாவது ஸ்வரம் மேலே ஒலிக்குமா கீழே ஒலிக்குமா என்பது. திரையில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் முன்னால் ஓர் எண், பின்னால் ஓர் எண் தெரியும். முன்னால் இருப்பது நீளம். 4 என்றால் கால் அளவு, 8 என்றால் அதில் பாதி; எண் பெரிதானால் ஸ்வரம் சின்னது. பின்னால் இருக்கும் 1, 2, 3 ஸ்தாயியைக் குறிக்கும். *-ஐ அழுத்த அழுத்த அது 1, 2, 3 என்று ஏறி மறுபடி 1-க்கு வரும்.

மோகனத்தில் ஒரு சின்னப் பிடி போட்டுப் பாருங்கள்: க ப த, மேல் ஸ, த ப க ரி ஸ. அழுத்த வேண்டியது 3 5 6, அப்புறம் 1 போட்டு ஒரு *. திரும்பி வரும் 6-க்கு இரண்டு *. பிறகு 5 3 2 1. கடைசி 1-க்கு மட்டும் ஒரு 9 கொடுத்து நீட்டுங்கள், அதன் பின் ஒரு 0. கடைசியில் அந்த மௌனம் இல்லாவிட்டால், டோன் முடிந்து மறுபடி தொடங்கும் இடத்தில் ஸட்ஜமும் காந்தாரமும் ஒட்டிக்கொண்டு பிடியின் அழகு போய்விடும். ஆப்ஷன்ஸில் பிளே கொடுத்துக் கேட்டு, டெம்போவைக் கூட்டிக் குறைத்து, பெயர் கொடுத்துச் சேமியுங்கள். பிறகு ரிங்டோன் பட்டியலில் உங்கள் மெட்டும் நிற்கும்.

ஒரு விஷயம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது, இதில் வராது. ஒவ்வொரு ஸ்வரமும் தட்டையாக, தனித்தனியாகத்தான் ஒலிக்கும். அதனால் தோடி, சஹானா பக்கம் போகாதீர்கள். தோடியின் காந்தாரம் அசைவிலேயே வாழ்கிற ஸ்வரம், அதை அசையாமல் நிறுத்தினால் ராகமே ஓடிவிடும். நேராக நிற்கும் ஸ்வரங்களாலேயே முகம் தெரிகிற ராகங்களை எடுங்கள். நீளமும் வேண்டாம். 2019 நவம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வகுத்த விதிப்படி, எடுக்காத அழைப்பு மொபைலில் 30 விநாடிதான் ஒலிக்கும். முழுப் பல்லவியைப் போட்டு என்ன பயன்? முதல் நாலு ஸ்வரத்திலேயே ‘இது நம் போன்’ என்று தெரிந்துவிட வேண்டும்.

லேத் பட்டறையில் வேலை. என்னுடையது நோக்கியா 2690. மெமரி கார்டில் பாட்டு ஏற்றி ரிங்டோனாக வைத்தால் கரகரவென்று கிழிகிறது. அதே பாட்டு ஹெட்போனில் நன்றாக இருக்கிறது. ஸ்பீக்கர் மாற்ற வேண்டுமா சார்? – வாசகர், கோயம்புத்தூர்

உடனே மாற்றாதீர்கள். ஹெட்போனில் சரியாக இருக்கிறது என்றால் ஃபைல் கெட்டுப்போகவில்லை. சந்தேகம் இரண்டு.

முதலாவது உங்கள் தொழிலிலேயே இருக்கிறது. ஸ்பீக்கருக்குள் காந்தம் உண்டு. லேத் தூளில் இருக்கும் நுண்ணிய இரும்புப் பொடியை அது வலைக்கு வெளியே இருந்தே இழுத்துக்கொள்ளும். போனை அணைத்து, பின் மூடியைத் திறந்து, பேட்டரியைக் கழற்றி, ஸ்பீக்கர் வலையை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மெல்லிய மயிர் நிற்பதுபோல் தெரிந்தால் அதுதான் குற்றவாளி. ஊதாதீர்கள், ஊதினால் உள்ளே போகும். ஊசியும் கூடாது. செலோ டேப்பை ஒட்டி, மெதுவாக உரித்து எடுங்கள்; ஒவ்வொரு முறையும் புது டேப். கோவை, ஓசூர் பக்கப் பட்டறைக்காரர்களின் போன்கள் என் மேஜைக்கு வரும்போது நான் ஸ்க்ரூ டிரைவருக்கு முன்னால் எடுப்பது டேப்பைத்தான். வேலை நேரத்தில் போனை மூடியுள்ள டிபன் டப்பாவிலோ ஜிப் கவரிலோ போட்டு வைப்பது நல்லது.

அது இல்லையென்றால் பாட்டைத்தான் போனுக்கு ஏற்றபடி தைக்க வேண்டும். அந்த ஸ்பீக்கர் விரல் நக அளவு. தவில், பேஸ் கிடாரின் கனத்த ஒலியை அது ஒருநாளும் கொடுக்காது. கொடுக்க முயன்றுதான் கிழிகிறது. கம்ப்யூட்டரில் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளை இறக்கி, வேண்டிய 25 விநாடியை மட்டும் வெட்டுங்கள். ஸ்டீரியோவை மோனோவாக்குங்கள். ஹை பாஸ் ஃபில்டரில் 300 ஹெர்ட்ஸ் கொடுத்து அடி ஒலியைக் கழித்துவிடுங்கள். ஒலி அளவை உச்சிக்குத் தள்ளாமல் கொஞ்சம் கீழே நிறுத்துங்கள். எம்பி3 ஆகச் சேமிக்கும்போது 128 கேபிபிஎஸ், மாறாத பிட் ரேட் என்று தேர்ந்தெடுங்கள். மாறும் பிட் ரேட்டில் பழைய போன்கள் சில சமயம் தடுமாறும். 25 விநாடிக்கு 400 கேபிதான் வரும், எந்தக் கார்டுக்கும் பாரமில்லை. ஃபைல் பெயரைச் சின்னதாக, ஆங்கில எழுத்தில் வையுங்கள். தமிழில் வைத்தால் பல பழைய போன்களில் வெறும் கட்டங்கள்தான் தெரியும்.

கம்ப்யூட்டரில் கேட்கும்போது அந்த ஃபைல் சன்னமாக, உயிரில்லாத மாதிரி இருக்கும். பயப்படாமல் போனில் ஏற்றிக் கேளுங்கள். நாதஸ்வரம், புல்லாங்குழல், குரல் இவையெல்லாம் பட்டறைச் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும்.

நண்பர்கள் என்னைக் கூப்பிடும்போது என் ரிங்டோன் அவர்களுக்குக் கேட்கவில்லை. போன் கோளாறா? – வாசகர், திண்டிவனம்

கோளாறு இல்லை. ரிங்டோன் உங்கள் போனில் இருப்பது, உங்களுக்குக் கேட்பது. கூப்பிடுகிறவருக்குக் கேட்பது காலர் டியூன். அது சிம் நிறுவனத்தின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. போனில் எதை மாற்றினாலும் அது மாறாது. 2020-இல் யாரைக் கூப்பிட்டாலும் கொரோனா அறிவிப்பு கேட்டதே, அதுவும் அந்த வழியில்தான் வந்தது. காலர் டியூன் வேண்டுமென்றால் நிறுவனத்திடம் கேளுங்கள், மாதக் கட்டணம் உண்டா என்பதை முதலில் விசாரியுங்கள்.

அம்மாவுக்கு 78 வயது, தனியாக இருக்கிறார். கண் மங்கல். திரையில் யார் பெயர் என்று தெரியாமல் எல்லா அழைப்பையும் எடுத்துவிடுகிறார். பேங்கிலிருந்து பேசுகிறோம் என்று ஒருவன் ஓடிபி கேட்டிருக்கிறான். மெமரி கார்டு போடும் பட்டன் போன்தான். ஏதாவது வழி? – வாசகி, காரைக்குடி

வழி இருக்கிறது. என்னைக் கேட்டால் ரிங்டோனுக்கு இதைவிட நல்ல உபயோகம் வேறு இல்லை. உங்கள் அம்மாவுக்குக் கண் செய்ய முடியாததைக் காது செய்யட்டும்.

பிள்ளைகள் ஒவ்வொருவரும் தங்கள் குரலையே பதிவு செய்யுங்கள். “அம்மா, நான் சின்னவ பேசறேன், காரைக்குடி” என்று வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே, நிதானமாக, மூன்று தடவை. தொடக்கத்தில் மௌனம் விடாதீர்கள். அதை எம்பி3 ஆக்கி அம்மாவின் போனுக்கு ப்ளூடூத்தில் அனுப்புங்கள். கார்டில் வைக்காமல் போன் மெமரிக்கு மாற்றுவது நல்லது. கார்டு தளர்ந்தாலோ யாராவது கழற்றினாலோ போன் பழைய மணிக்குத் திரும்பிவிடும்.

பிறகு காண்டாக்ட்ஸில் உங்கள் பெயரைத் திறந்து அந்த டோனைக் கொடுங்கள். இந்த இடத்தில்தான் பலர் மாட்டிக்கொள்வார்கள். டோன் கொடுக்கும் ஆப்ஷனே வராது. காரணம், பெயர் சிம்மில் சேமிக்கப்பட்டிருக்கும். சிம்மில் பெயரும் எண்ணும்தான் உட்காரும், டோனுக்கு அங்கே இடமில்லை. பெயரை போன் மெமரிக்குக் காப்பி செய்துவிட்டு சிம்மில் இருப்பதை அழித்துவிடுங்கள். ஒரே எண் இரண்டு இடத்தில் இரண்டு பெயரில் இருந்தாலும் போன் குழம்பும்.

மற்ற எண்கள் எல்லாவற்றுக்கும் சாதாரண மணியே இருக்கட்டும். அம்மாவிடம் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: “பேர் சொல்லிக் கூப்பிட்டா எடுங்க, வெறும் மணி அடிச்சா விட்டுடுங்க.” டாக்டர், பக்கத்து வீடு, காஸ் ஏஜென்சி ஆகியோருக்கும் யாராவது ஒருவர் குரலில் “டாக்டர் கூப்பிடறார்” என்று போட்டுவிடலாம். வயதானால் கீச்சென்ற உயர்ந்த ஒலிகள்தான் முதலில் காதுக்கு எட்டாமல் போகும். அதனால் குரல் பதிவில் கூச்சல் வேண்டாம், கணீரென்று பேசினால் போதும். வைத்தபின் பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்டு, அம்மா சரியாகப் பெயர் சொல்கிறாரா என்று ஒருவர் ஒருவராகச் சோதித்துப் பாருங்கள்.

இறந்துபோன தாத்தா குரல் பழைய போனில் ரெக்கார்டிங்காக இருக்கிறது. அதையே என் புது போனில் ரிங்டோனாக வைக்க ஆசை. ஃபைல் பெயரின் கடைசியில் ஏஎம்ஆர் என்று இருக்கிறது. – வாசகர், விருதுநகர்

ரிங்டோன் அப்புறம். முதலில் அந்த ஃபைலை இன்றைக்கே வெளியே எடுங்கள். ப்ளூடூத் இருந்தால் அதில் அனுப்புங்கள், இல்லையென்றால் மெமரி கார்டுக்குக் காப்பி செய்து ரீடரில் போடுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அதை சார்ஜ் செய்யாமல், அதே மாடல் நல்ல பேட்டரி வாங்கிப் போட்ட பிறகு ஆன் செய்யுங்கள். எடுத்ததை ஒரு கம்ப்யூட்டரிலும், ஒரு பென் டிரைவிலும், வீட்டில் இன்னொருவர் போனிலும் வையுங்கள்.

ஏஎம்ஆர் என்பது போன் பேச்சுக்காகவே உருவான வடிவம். விநாடிக்கு 8,000 மாதிரிகள்தான் எடுக்கும், ஒரு நிமிடத்துக்கு 90 கேபி அளவுதான் வரும். அதனால் குரல் கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி இருக்கும். எம்பி3 ஆக மாற்றினால் தெளிவு கூடாது, எல்லாப் போனிலும் ஓடும், அவ்வளவுதான். மாற்றுங்கள், ஆனால் அசல் ஏஎம்ஆர் ஃபைலை அழிக்காதீர்கள். விஎல்சி பிளேயரில் அது அப்படியே ஓடும்.

ரிங்டோனாக வைப்பது பற்றி என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். எல்லா அழைப்புக்கும் வைக்காதீர்கள். கடன் வேண்டுமா என்று கேட்கிறவன் அழைப்புக்கெல்லாம் தாத்தா குரல் ஒலித்தால் சில வாரத்தில் அது காதில் விழாமலே போய்விடும். பாட்டி எண்ணுக்கு மட்டும், அல்லது வீட்டு எண்ணுக்கு மட்டும் வையுங்கள்.

என் போனில் கம்போசரும் இல்லை, ப்ளூடூத்தும் இல்லை, கார்டு போடும் இடமும் இல்லை. எப்படியாவது ஒரு பாட்டு வைக்க முடியுமா? கடையில் 300 ரூபாய் கேட்கிறார்கள். – வாசகர், அரியலூர்

முடியாது. அந்த 300 ரூபாயைக் கொடுக்காதீர்கள். உள்ளே இருக்கும் டோன்களை ஒவ்வொன்றாக முழுவதும் கேட்டு, உங்கள் தெருவில் யாரும் வைக்காத ஒன்றாகத் தேர்ந்தெடுங்கள். அப்புறமும் பாட்டு வேண்டும் என்றால், கார்டு போடும் பழைய பட்டன் போன் ஒன்றைத் தேடி வாங்குங்கள். வாங்குமுன் உங்கள் சிம் ஜியோவா என்று பாருங்கள். ஜியோவுக்கு 2ஜி கிடையாது, 2ஜி மட்டும் உள்ள பழைய போனில் அந்த சிம் வேலை செய்யாது. கடைக்காரர் முன்னாலேயே உங்கள் சிம்மைப் போட்டு ஒரு கால் பேசிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.