பேட்டனா, மாண்ட்கோமரியா? தளபதிகள் சண்டை பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் இத்தாலியின் சிசிலித் தீவில், பிரிட்டிஷ் தளபதி மாண்ட்கோமரியை முந்திக்கொண்டு அமெரிக்கத் தளபதி பேட்டன் மெஸ்ஸினா துறைமுகத்துக்குள் நுழைந்தது பெரிய சாதனைதானே?

ஓட்டப்பந்தயமாகப் பார்த்தால் சாதனைதான். 1943 ஜூலைப் படையெடுப்புக்குப் போட்ட திட்டப்படி மெஸ்ஸினா பிரிட்டிஷாருக்கு, இடப்பக்கக் காவல் அமெரிக்கர்களுக்கு. போதாக்குறைக்கு, அமெரிக்கத் தளபதி பிராட்லியின் படை போய்க்கொண்டிருந்த சாலையையும் மாண்ட்கோமரி கேட்டார், எல்லாருக்கும் மேலே இருந்த பிரிட்டிஷ் தளபதி அலெக்சாண்டர் சரி என்று தூக்கிக் கொடுத்துவிட்டார். அந்தக் கோபத்தில் கிளம்பிய பேட்டன் ஜூலை 22-ல் பலெர்மோவைப் பிடித்து, அப்புறம் வடகடற்கரை வழியாக ஓடி, ஆகஸ்ட் 17 காலையில் மெஸ்ஸினாவுக்குள் போனார். ஆனால் அதற்குள் ஜெர்மானியர்களும் இத்தாலியர்களுமாக ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் டாங்கி, லாரிகளோடு ஜலசந்தியைக் கடந்து இத்தாலிப் பெருநிலத்துக்குப் போய்விட்டார்கள். கல்யாணம் முடிந்து பந்தலைப் பிரிக்கும் நேரத்தில் வந்து முன்வரிசை நாற்காலிக்கு அடித்துக்கொண்ட கதைதான்.

கேள்வி: ஆஸ்பத்திரியில் சிப்பாயை அறைந்த பேட்டனை ஏன் வீட்டுக்கு அனுப்பவில்லை?

ஒருவரை இல்லை, ஒரே வாரத்தில் இரண்டு பேரை. முதலில் அடி வாங்கியவருக்கு மலேரியா. நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதி ஐசனோவர் பேட்டனைக் கண்டித்து, மன்னிப்புக் கேட்க வைத்து, வேலையில் வைத்துக்கொண்டார். தண்டனை வேறு விதத்தில் வந்தது: சிசிலியில் பேட்டனுக்குக் கீழே இருந்த பிராட்லி, 1944-ல் அவருக்கு மேலதிகாரி. இதில் வேடிக்கை என்னவென்றால், பேட்டன்தான் பிரான்ஸின் கலே பக்கம் இறங்குவார் என்று எதிரி உறுதியாக நம்பியதால், இங்கிலாந்தில் இருப்பதாகக் கதைகட்டிய ஒரு கற்பனைப் படைக்கு அவரைத் தளபதியாகக் காட்டியே ஏமாற்றினார்கள்.

கேள்வி: போர்முனையில் ஒரு படையைக்கூட நடத்தாத ஐசனோவர் எப்படி இவர்களை மேய்த்தார்?

பொறுமையால். என் கணக்கில் அந்தக் கூட்டத்தில் மிக அபூர்வமான திறமை அதுதான். 1944 டிசம்பர் கடைசியில், தரைப்படை முழுவதும் தன் கையில் வேண்டும் என்று மாண்ட்கோமரி மறுபடி கடிதம் போட, ஐசனோவர் ‘அவரா நானா’ என்ற தொனியில் வாஷிங்டனுக்கு எழுதத் தயாராகிவிட்டார். மாண்ட்கோமரியின் தலைமை அலுவலர் டி கிங்காண்ட் மோசமான வானிலையில் விமானமேறி வந்து, கொஞ்சம் பொறுங்கள் என்று கெஞ்சிவிட்டுத் திரும்பிப் போய், என் கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள் என்று தன் தளபதியையே எழுத வைத்தார். சரி, அடங்கினாரா? ஜனவரி 7-ல் பத்திரிகையாளர்களைக் கூட்டி, பெல்ஜியத்தின் ஆர்டென் காட்டுப் பகுதியில் ஜெர்மானியர்கள் திருப்பியடித்த போரைத் தானே காப்பாற்றியதுபோலப் பேசினார். பிராட்லிக்கு ரத்தம் கொதித்தது. அது அமெரிக்கர்கள் போரிட்டு வென்ற சண்டை என்று சர்ச்சில் நாடாளுமன்றத்தில் சொல்ல வேண்டியதாயிற்று.

கேள்வி: 1944 செப்டம்பரில் பெட்ரோல் தட்டுப்பாட்டுக்கும் இந்தச் சண்டைதான் காரணமா?

முழுக்க இல்லை. பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகம் செப்டம்பர் 4-லேயே கைக்கு வந்துவிட்டது. அதற்குப் போகும் ஷெல்ட் கழிமுகத்தின் கரைகளை எதிரியிடம் விட்டுவைத்தார்கள். சரக்குக் கப்பல்கள் நவம்பர் 28-ல்தான் உள்ளே வந்தன. அதுவரை பெரும்பாலும் நார்மண்டியிலிருந்து லாரியில் வந்த பெட்ரோலுக்குத்தான் இவர்கள் அடித்துக்கொண்டார்கள்.

கேள்வி: ஜெர்மன் பக்கம் ஒற்றுமையாக இருந்தார்களா?

எங்கே! நேச நாட்டுப் படை பிரான்ஸில் இறங்கினால் எப்படித் தடுப்பது என்பதிலேயே சண்டை. டாங்கிகள் கடற்கரையிலேயே நிற்கட்டும் என்றார் தளபதி ரோமல். பாரிஸ் பக்கம் மொத்தமாக வைத்திருந்து அடிக்கலாம் என்றார் டாங்கிப் படைத் தளபதி கெயர் ஃபான் ஷ்வெப்பன்பர்க். ஹிட்லர் ஆளுக்குக் கொஞ்சம் பிரித்துக் கொடுத்து, மீதியைத் தன் அனுமதியில்லாமல் நகர்த்தக் கூடாது என்று வைத்துக்கொண்டார். 1944-ல் நார்மண்டியில் நேச நாட்டுப் படை இறங்கிய ஜூன் 6 அன்று அந்த அனுமதி வரப் பிற்பகல் ஆகிவிட்டது. ரோமலோ மனைவியின் பிறந்தநாளுக்காக ஜெர்மனியில் வீட்டில் இருந்தார்.