உள்ளங்கால் எரிச்சல், விரல் மரத்துப்போதல்: வைட்டமின் மாத்திரை போதுமா?

இரவில் உள்ளங்கால் எரிகிறது, இப்போது கைவிரல்களும் மரத்துப்போகின்றன, வைட்டமின் மாத்திரை போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. முதலில் காரணம் தெரிய வேண்டும்.

உடலின் மிக நீளமான நரம்புகள் பாதத்துக்குச் செல்பவை. அதனால் பாதிப்பு பெரும்பாலும் அங்கே தொடங்கி, முழங்காலை நெருங்கும்போதுதான் கைவிரல்களை எட்டும். கால்களில் ஒன்றுமில்லாமல் கை மட்டும் மரத்தால், மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

முதல் சந்தேகம் சர்க்கரை நோய். எச்பிஏ1சி (கடந்த சில மாதங்களின் சராசரி இரத்தச் சர்க்கரை அளவு), வைட்டமின் பி12, தைராய்டு, சிறுநீரகப் பரிசோதனைகள் செய்துகொள்ளுங்கள். சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மினைப் பல ஆண்டுகள் உட்கொள்பவர்களுக்கு பி12 குறையக்கூடும். மதுவும் நரம்பைக் கெடுக்கும். 'நரம்புச் சத்து' மாத்திரைகளை நீங்களாகவே வாங்கி விழுங்காதீர்கள். அவற்றில் உள்ள வைட்டமின் பி6 அளவுக்கு மீறினால் அதுவே நரம்பைப் பாதிக்கும்!

எரிச்சலைவிட நான் அஞ்சுவது உணர்வின்மைக்குத்தான். எரிச்சல் தூக்கத்தைக் கெடுக்கும். உணர்வின்மையோ காலில் முள் ஏறியதையே மறைத்துவிடும். தினமும் பாதங்களைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள், விரலிடுக்கு உட்பட. செருப்பில்லாமல் நடக்காதீர்கள். வெந்நீரின் சூட்டை முழங்கையால் சோதியுங்கள். மரத்த காலில் வெந்நீர்ப் பை வேண்டவே வேண்டாம். வலிக்கு டுலோக்செடின், பிரிகாபலின் போன்றவை உண்டு. மருத்துவர்தான் தர வேண்டும்.

சில நாட்களுக்குள் பலவீனம் கால்களிலிருந்து மேலேறினாலோ, திடீரென ஒரு பக்கம் மட்டும் மரத்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ உடனே அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள்.