ஸ்டேஷன் மாஸ்டர் பதில்கள்: லேட்டான வண்டியை லூப்பில் போடுங்கள்

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: நாள் கையில் நிற்பதில்லை. 36 வருஷம் ரயில்வே டைம்டேபிளோடு குடித்தனம் நடத்தியவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள் போலிருக்கிறது. வண்டி லேட்டாக வந்தபோதெல்லாம் பிளாட்பாரத்தில் திட்டு வாங்கியவனும் நான்தான். அந்தத் தகுதியில் சொல்கிறேன்.

வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு ஞாயிறு ராத்திரியும் நோட்டில் டைம்டேபிள் போடுகிறேன். 5 மணிக்கு நடை, 6 மணிக்கு யோகா, 7 மணிக்கு ஜெர்மன் பாடம், 9 மணிக்கு வேலை. திங்கள் ஓடும், செவ்வாய் தள்ளாடும், புதன் அம்போ. நான் சோம்பேறியா?
*வாசகி, திருப்பூர்*

சோம்பேறி ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஸ்கேல் வைத்துக் கோடு போட மாட்டாளம்மா. கோளாறு நீங்கள் போட்ட டைம்டேபிளில் இருக்கிறது.

எழும்பூருக்கும் தாம்பரத்துக்கும் நடுவே சுமார் 25 கிலோமீட்டர். தெற்கே போகிற எக்ஸ்பிரஸ்கள் பெரும்பாலும் எழும்பூரில் கிளம்பி அரை மணிக்குள் தாம்பரம் வந்துவிடும். அதே வண்டி ஊரிலிருந்து திரும்பி வரும்போது தாம்பரம் - எழும்பூருக்கு எத்தனை நிமிஷம் போட்டிருக்கிறது என்று பாருங்கள். பல வண்டிகளுக்குக் கூடுதலாகவே இருக்கும். தண்டவாளம் ஒன்றும் நீண்டுவிடவில்லை. வழியில் மாடு குறுக்கே வரும், யாராவது சங்கிலியைப் பிடித்து இழுப்பார்கள், ஏதாவது பாலத்தில் மெதுவாகப் போகச் சொல்லியிருப்பார்கள். அதற்கெல்லாம் ஈடுகட்டத்தான் கடைசியில் கொஞ்சம் நேரத்தை மடியில் முடிந்து வைக்கிறார்கள். 'ரெக்கவரி டைம்' என்போம். ரயில்வேயே மாட்டுக்கு நேரம் ஒதுக்குகிறது. நீங்கள் கேஸ் சிலிண்டர்காரருக்கு ஒதுக்கினீர்களா? மாமியார் போனுக்கு?

ஆகவே அடுத்த ஞாயிறு ஸ்கேலை எடுக்காதீர்கள். ஸ்டேஷனில் டிரெயின் சிக்னல் ரிஜிஸ்டர் என்று ஒன்று உண்டு. வண்டி எத்தனை மணிக்கு வரவேண்டும் என்பது அதில் முக்கியமில்லை. எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்பதைத்தான் அதில் எழுதுவோம். அழித்து எழுதக் கூடாது. அது மாதிரி 3 நாள் உங்கள் நாளை உள்ளபடி எழுதுங்கள். என் மகள் எழுதிப் பார்த்தாள். காலைக் காபிக்கு 10 நிமிஷம் என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு ரிஜிஸ்டர் சொன்னது 40. எதிர்வீட்டு முருங்கை மரத்துக்கு வருகிற கிளிகளை வேடிக்கை பார்த்ததில் போன நேரம். உடனே அந்த நேரத்தை வெட்டக் கிளம்பினாள். "அதைத் தொடாதே, உன் நாளிலேயே நீ சிரித்துக்கொண்டு ஏறுகிற வண்டி அது ஒன்றுதான்" என்று தடுத்தேன். வேறு இடத்தில், போனில் வீடியோ தள்ளிக்கொண்டிருந்த ஒரு மணி நேரம் தானாகவே பல்லை இளித்துக்கொண்டு நின்றது.

இன்னொன்று. லேட்டாக வருகிற வண்டிக்காக, நேரத்துக்கு வருகிற வண்டியை முடிந்தவரை நிறுத்த மாட்டோம். லேட்டானதை ஸ்டேஷனில் பக்கவாட்டில் இருக்கிற லூப் லைனில் ஒதுக்கிவிட்டு மற்றதை மெயினில் விடுவோம். நீங்கள் என்ன செய்கிறீர்கள்? 5 மணி நடை 5.50-க்குப் போய், யோகா 6.50-க்குப் போய், ஜெர்மன் 7.50-க்கு வந்து, கடைசியில் குளிக்காமல் மீட்டிங்கில் உட்கார்கிறீர்கள். நடை தவறினால் அதை லூப்பில் போடுங்கள். 6 மணி யோகா 6 மணிக்கே நடக்கட்டும். சாயங்காலம் இடம் கிடைத்தால் நடக்கலாம், இல்லாவிட்டால் நாளைக்கும் அதே வண்டி உண்டு. அப்புறம், மூன்றையும் ஒரே வாரத்தில் ஆரம்பிக்க வேண்டுமா? ஒன்றை மட்டும் ஆரம்பித்துப் பாருங்கள்.

நானும் பட்டவன்தான். 30 வயதில் ஒரு நண்பர் பேச்சைக் கேட்டு, நைட் டியூட்டி முடிந்து வந்ததும் யோகா என்று சபதம் எடுத்தேன். முதல் நாளே சவாசனத்தில் ஆரம்பித்தது தப்பு. மத்தியானம் 1 மணிக்கு என் மனைவி மூக்கருகே விரல் வைத்துப் பார்த்திருக்கிறாள்.

21 நாள் தொடர்ந்து செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்கிறார்களே, உண்மையா?
*வாசகர், சிவகாசி*

இதை என் மகள்தான் தேடிக் கொடுத்தாள். அமெரிக்காவில் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்று ஒரு பிளாஸ்டிக் சர்ஜன். ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குப் புது முகம் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960-ல் எழுதினார். அந்தக் 'குறைந்தது' எப்படியோ வழியில் இறங்கிவிட்டது. லண்டனில் 96 பேரை வைத்து 12 வாரம் பார்த்து, 2009-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில் சராசரி 66 நாள் என்று வந்தது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை கணக்கு ஓடுகிறது; 12 வாரத்தைத் தாண்டியதெல்லாம் மதிப்பீடு. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய நஷ்டமில்லை என்பதும் அதிலேயே தெரிந்தது. 22-ம் நாள் நோட்டைக் கிழித்துப் போட்டவர்கள் ஒட்ட வைத்துக்கொள்ளலாம்.

ஓய்வு பெற்று 5 மாதம். பேப்பர் படித்து முடித்தால் மணி 8. அதற்குப் பிறகு ராத்திரி வரை என்ன செய்வதென்று தெரியவில்லை. வீட்டில் எதைச் சொன்னாலும் சண்டை.
*ஓய்வு பெற்ற ஆசிரியர், அரியலூர்*

கையைக் கொடுங்கள் சார். எனக்கு முதல் 3 மாதம் ராத்திரி 2.40-க்குத் தானாக முழிப்பு வரும். எங்கள் ஸ்டேஷனில் நிற்காமல் ஒரு எக்ஸ்பிரஸ் போகிற நேரம் அது. கை தலைமாட்டில் பச்சை விளக்கைத் தேடும். பகலில் இன்னும் மோசம். சமையலறை வாசலில் நின்றுகொண்டு "சாம்பார் எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன். மனைவி கரண்டியை என் கையில் கொடுத்து, "நீங்களே லைன் கிளியர் கொடுங்க" என்று போய்விட்டாள்.

அன்றிலிருந்து காலைக் காபி என் சார்ஜ். 5.30-க்கு அடுப்பில் தண்ணீர். பித்தளை ஃபில்டரில் 4 ஸ்பூன் பொடி, மேலே குடைத்தட்டு, கொதிக்கிற தண்ணீரைச் சுற்றி ஊற்றி மூடிவிட்டுக் காதை வைத்துக் கேட்பேன். கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. பிறகு ஒரு சொட்டு. அப்புறம் இன்னொன்று. இறங்கவில்லையே என்று ஃபில்டரைத் தட்டினால் போச்சு, கழுநீர் மாதிரி இறங்கும். அது இறங்குகிற நேரத்தில் வாசல் தெளித்து, துளசிக்குத் தண்ணீர் விட்டு, பால்காரரிடம் அரை வார்த்தை பேசிவிட்டு வருவேன். 6 மணிக்கு அவள் எழுந்து வரும்போது டம்ளர் தயாராக இருக்க வேண்டும். 6.05 ஆனால் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பாள். வாய் திறக்க மாட்டாள், அது போதும்.

வண்டி வராத ஸ்டேஷனில் மாஸ்டருக்குத் தூக்கம்தான் வரும் சார். உங்களை யாராவது எதிர்பார்க்கிற வேலை காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று வேண்டும். பத்தாம் வகுப்புக் கணக்கில் தடுமாறுகிற பிள்ளை இல்லாத தெரு உண்டா? இரண்டு பேரை 5 மணிக்கு வரச் சொல்லுங்கள். அவர்களுக்காகவே 4.45-க்கு முகம் கழுவிச் சட்டை மாற்றுவீர்கள். நடுவில் கிடக்கிற பகலை நினைத்துக் கவலைப்படாதீர்கள். சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள். பென்ஷன் எதற்குக் கொடுக்கிறார்கள்?

2 வயதுக் குழந்தை, வேலை, சமையல். எனக்கென்று அரை மணி கிடைக்காதா? கணவரிடம் கேட்டால் "எடுத்துக்கோயேன், யார் வேணாம்னது" என்கிறார்.
*வாசகி, நாகர்கோவில்*

இந்த 'எடுத்துக்கோயேன்' ரயில்வேயில் செல்லாது தாயி. தண்டவாளத்தைப் பழுது பார்க்கத் தினமும் சில மணி நேரம் வண்டி விடாமல் வைத்திருப்பதற்கு 'காரிடார் பிளாக்' என்று பெயர். கேங்க்காரர்கள் கடப்பாரையோடு வந்து நின்றால் மட்டும் பிளாக் கிடைத்துவிடாது. எழுத்தில் மெமோ வர வேண்டும், வண்டிகளை நடத்துகிற கண்ட்ரோல் ஆபீசிடம் அனுமதி வாங்க வேண்டும், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று குறிக்க வேண்டும். வாய்வார்த்தையை நம்பித் தண்டவாளத்தில் யாரும் இறங்க மாட்டார்கள்.

நீங்களும் மெமோ கொடுங்கள். அடுப்படிக் காலண்டரில் 'இரவு 7.00 முதல் 7.40 வரை பிளாக்' என்று எழுதி, பக்கத்தில் அவர் கையெழுத்து வாங்குங்கள். 7 மணிக்குப் போனைக் கீழேயே வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விடுங்கள். வீட்டுக்குள்ளேயே இருந்தால் குழந்தையின் முதல் சிணுங்கலுக்கே பிளாக்கை ரத்து செய்துவிடுவீர்கள். மாடியில் உருப்படியாக ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றில்லை. சும்மா நில்லுங்கள், பாட்டுக் கேளுங்கள், அக்கம்பக்கத்து மாடிகளைப் பாருங்கள். 7.40-க்குச் சரியாக இறங்கி வந்துவிடுங்கள், அதில் ஏமாற்றக் கூடாது.

குழந்தைக்கு இட்லி ஊட்ட அப்பாவுக்கும் வரும். முதல் வாரம் அவர் சட்டையெல்லாம் சாம்பாராக இருக்கும், அவ்வளவுதான்.