ஒல்லியான கற்றாழை தேறுமா?

கேள்வி: கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய் இரண்டு மாதம் கழித்துத் திரும்பினேன். மொட்டை மாடியில் இருந்த சோற்றுக்கற்றாழையின் மடல்கள் தட்டையாகி, ஓரம் உள்ளே சுருண்டு, செம்பழுப்பாக நிற்கின்றன. தண்ணீரே இல்லாமல் எப்படி உயிரோடு இருந்தது? இனி தேறுமா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: அடிக்குருத்து கெட்டியாக இருந்தால் தேறிவிடும். ஒரு மடலைக் குறுக்கே அறுத்துப் பாருங்கள். வெளியே மெல்லிய பச்சைப் பட்டை, உள்ளே நிறமில்லாத சோறு. ஒளிச்சேர்க்கை நடப்பது பச்சையில்தான். சோறு என்பது சுவர் மெலிந்த பெரிய பெரிய செல்களாலான தண்ணீர்த் தொட்டி. மழை பொய்த்தால் செடி தொட்டியை இறைத்துப் பச்சைக்கு ஊட்டுகிறது. காலியாகும் செல் கிழிவதில்லை, அதன் சுவர் கொல்லன் துருத்தி மாதிரி மடிந்துகொண்டு, தண்ணீர் வந்ததும் திரும்ப விரிகிறது. உங்கள் மடல் ஒல்லியானது அதனால்தான். சிவப்பு, பச்சையத்தால் தாங்க முடியாத வெயிலுக்குச் செடி பிடித்துக்கொண்ட குடை.

அப்புறம், மூச்சு. பகலில் இலைத்துளை திறந்தால் ஈரம் போய்விடும் என்பதால், இது இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கி, மாலிக் அமிலமாக்கிச் செல்லுக்குள் இருக்கும் நுண்குமிழியில் போட்டு வைத்து, பகலில் கதவைச் சாத்திக்கொண்டு அதிலிருந்து வாயுவைப் பிரித்துச் சமைக்கிறது. சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த தாவரவியலாளர் பெஞ்சமின் ஹெய்ன் இதை நாக்காலேயே உணர்ந்தார்: இதே மாதிரி மூச்சுவிடும் ரணகள்ளியின் இலை காலையில் புளிக்கிறது, மதியம் சப்பென்று இருக்கிறது என்று அவர் எழுதியது 1815இல் அச்சானது. (நீங்கள் மென்று பார்க்காதீர்கள், அதில் நச்சுப் பொருள்கள் உண்டு.)

வறட்சி முற்றினால் சப்பாத்திக்கள்ளி போன்றவை இரவிலும் கதவைத் திறப்பதில்லை. சுவாசத்தில் தான் விடும் வாயுவையே திரும்பப் பிடித்து ஒளிச்சேர்க்கைக்குக் கொடுத்து ஓட்டுகின்றன. உயிர் நிற்கும், வளர்ச்சி சுத்தமாக இருக்காது. திருஷ்டிக்கென்று வாசலில் தலைகீழாகக் கட்டிய கற்றாழை வேரில் மண்ணே இல்லாமல் மாதக்கணக்கில் பச்சையாகத் தொங்குகிறதே, அதுவும் சேமித்த நீரும் சாத்திய கதவும் செய்கிற வேலைதான்.

சரி, பாவமாக இருக்கிறதே என்று குடம் குடமாக ஊற்றிவிடாதீர்கள். காய்ந்த வேர் அத்தனை ஈரத்தில் அழுகும். சில நாள் அரைநிழலில் வைத்து, ஒருமுறை நனைத்து, மண் நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்த தண்ணீர். மடலை விரலால் அழுத்தினால் குழியாமல் கெட்டியாக நிற்க வேண்டும். அப்போது பழைய இடத்துக்குக் கொண்டுபோகலாம்.