90 கிலோவோடு வரப்பில் இறங்கலாமா?

கேள்வி: ஐயா, ஓர் அறிவியல் புனைகதை எழுதிக்கொண்டிருக்கிறேன். காலம் 2150. கடல் மன்னார்குடிக்குப் பக்கம் வரை ஏறிவிட்டது. பன்னிரண்டு பேர் கொண்ட படைப்பிரிவு ஒன்று முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டிலிருந்து மூன்று இரவு நடந்து வந்து, ஒரு நீரேற்று நிலையத்தைப் பிடிக்க வேண்டும். ஆளுக்கு 90 கிலோ சுமை. மோட்டார் வைத்த கவச உடை இருப்பதால் தூக்கிவிடுவார்கள் என்று எழுதினேன். படித்த நண்பர் "சேற்றில் நடக்குமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார், மாட்டிக்கொண்டேன். எவ்வளவு தூக்கலாம், எதை எங்கே மாட்டலாம்?
— மன்னார்குடி வாசகர்

பதில்: தம்பி, உங்கள் நண்பர் நடவு வயலில் இறங்கியவர் போலிருக்கிறது. கேட்டது சரியான கேள்வி. நான் காலாட்படையில் 22 வருடம் சுமந்தவன். இப்போது வெண்ணாற்றங்கரையில் மூன்று ஏக்கர் பார்க்கிறேன். ராணுவத்தில் முதுகுப்பைக்குப் பெயர் 'பிட்டு', இந்திச் சொல். சேர்ந்த புதிதில் "பிட்டு எடு" என்று உஸ்தாத், அதாவது பயிற்சி கொடுப்பவர், கத்தியபோது, காலை டிபன் வந்துவிட்டது என்று தட்டோடு ஓடினேன். பிட்டுக்கு மண் சுமந்த கதை கேட்டு வளர்ந்தவன். பிட்டையே சுமக்க வைப்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

முதலில் எடையைப் பார்ப்போம். உடல் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றாதே என்பது படைகளில் பழைய கணக்கு. யாரும் கடைப்பிடிப்பதில்லை. 2003-ல் ஆப்கானிஸ்தானில் அமெரிக்க பாராசூட் படையினரை நிறுத்தி எடை போட்டார்கள். சண்டைக்கு மட்டும் என்று உடம்பில் இருந்ததே சராசரி 29 கிலோ. முதுகுப்பையோடு நடக்கும்போது 46. அவசர நடை என்றால் 60. அந்தக் காலத்து இரும்பையும் தோலையும் விட நைலானும் பிளாஸ்டிக்கும் இலேசுதான், ஆனால் மிச்சமான எடைக்கு வேறு ஏதாவது சாமான் வந்து உட்கார்ந்துவிடுகிறது. உங்கள் 2150-லும் அப்படித்தான் நடக்கும், அதை நம்பி எழுதலாம்.

இனி சேறு. சுமையோடு நடப்பவரின் உடம்பு எவ்வளவு ஆற்றலைச் செலவழிக்கிறது என்று கணிக்க அமெரிக்க ராணுவ ஆய்வாளர் பாண்டால்ஃபும் அவருடைய குழுவினரும் 1977-ல் ஒரு சூத்திரம் வெளியிட்டார்கள். அதில் தரைக்கு ஓர் எண் உண்டு. தார்ச்சாலைக்கு 1, மண்பாதைக்கு 1.1, சதுப்புக்கு 1.8, உதிரி மணலுக்கு 2.1. நம்மூர் ஆள் இதைக் கேட்டால் சிரிப்பார். கொள்ளிடம் மணலில் நடப்பது உழுத வயலில் நடப்பதை விடக் கஷ்டம் என்பது அவருக்குச் சூத்திரம் இல்லாமலே தெரியும். 70 கிலோ ஆள், 25 கிலோ சுமை, மணிக்கு 3.6 கிலோமீட்டர் நடை என்று போட்டுப் பாருங்கள். தார்ச்சாலையில் 270 வாட், சேற்றில் 385 வாட். அதே சேற்றில் 90 கிலோ ஏற்றினால் 1,000 வாட்டைத் தாண்டுகிறது. பயிற்சி உள்ள ஆள் மணிக்கணக்காகத் தாங்குவது 400, 450 வாட் வாக்கில்தான். அதனால் கவச உடை இல்லாமல் உங்கள் 90 கிலோ முதல் வாய்க்காலைக்கூடத் தாண்டாது.

சரி, அதற்குத்தானே மோட்டார் உடை என்பீர்கள். இங்கேதான் அறிவியல் கதை எழுதுகிறவர்கள் பலரும் வழுக்கி விழுகிறார்கள். உடை செய்வது ஒரே காரியம்: முதுகில் விழும் எடையை வாங்கித் தன் கால் வழியாகத் தரைக்கு அனுப்புகிறது. முதுகு தப்பிக்கிறது. ஆனால் சேறு முழு எடையையும் வாங்குகிறது, உடையின் எடையையும் சேர்த்து. ஆள் 70, உடை 40, சுமை 90, மொத்தம் 200 கிலோ. நடக்கும்போது ஒரு கணம் முழுப் பாரமும் ஒற்றைக் காலில் நிற்கும். பாதப் பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. வெறும் ஆள் நின்றால் 350 கிராம்தான். கிட்டத்தட்ட மூன்று மடங்கு. நம் டிராக்டர் சேற்றடிக்க இறங்கும்போது புதையாமல் இருக்க கேஜ் வீல் என்ற அகலமான இரும்புச் சக்கரம் மாட்டுகிறோமே, அதே பிரச்சினைதான்.

ஆகவே உடைக்கு மோட்டாரை விட முக்கியம் பாதம். எருமையைக் கவனியுங்கள். ஊன்றும்போது குளம்பு விரிகிறது, தூக்கும்போது குவிகிறது. குவியும்போது ஓரமாகக் காற்று நுழைவதால் சேற்றின் பிடி விடுகிறது. உங்கள் உடைக்கு அப்படி விரிந்து சுருங்கும் பாதம் கொடுங்கள். ஆனால் அதைக் கனமாக்கிவிடாதீர்கள். பாதத்தில் கட்டிய ஒரு கிலோ, முதுகில் ஏற்றிய ஐந்து கிலோவுக்குச் சமமாக ஆளைக் களைக்கச் செய்யும் என்பது சோதனைகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு. நம் களிமண் பூட்ஸில் காலுக்கு ஒரு கிலோ அப்பிக்கொண்டால், முதுகில் பத்துக் கிலோ கூடின மாதிரி. நடவுப் பெண்கள் வெறுங்காலோடு இறங்குவதில் இந்தக் கணக்கும் இருக்கிறது.

பேட்டரியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உடை சராசரி 500 வாட் இழுத்தால் எட்டு மணி நேர இரவுக்கு 4 யூனிட் மின்சாரம். இன்றைய லித்தியம் பேட்டரியில் அது ஏறக்குறைய 20 கிலோ. 2150-ல் ஐந்து மடங்கு நல்ல பேட்டரி வந்தாலும் மூன்று இரவுக்கு 12 கிலோ. இன்னொன்று, சத்தம். அமெரிக்க மரைன் படைக்காக 180 கிலோ சுமக்கும் நான்கு கால் இயந்திரக் கழுதை ஒன்று செய்தார்கள். 2014-ல் களப்பயிற்சிக்குக்கூடப் போனது. சத்தம் எதிரிக்குக் காட்டிக்கொடுத்துவிடும் என்று 2015 கடைசியில் ஓரங்கட்டிவிட்டார்கள். தவளை கத்தும் ராத்திரியில் உங்கள் பன்னிரண்டு பேரும் மோட்டாரோடு வந்தால், முதலில் தவளைகள் அடங்கும். தவளை அடங்கினால் கொல்லையில் ஆள் நடமாட்டம் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும்.

எவ்வளவு தூக்கலாம் என்று கேட்டீர்கள். நான் எங்கே இறக்கலாம் என்றுதான் முதலில் கேட்பேன். நம் பழைய சாலைகளில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே படுக்கவைத்திருப்பார்கள். பிள்ளைத்தாய்ச்சியாக இறந்த பெண்ணின் நினைவாக வைப்பது வழக்கம். அதன் உயரத்தைக் கவனியுங்கள். தலைச்சுமைக்காரர் குனியாமல், பக்கத்தில் ஆள் இல்லாமல், சுமையை அப்படியே நகர்த்தி வைக்கலாம். திரும்ப சும்மாட்டை வைத்து அப்படியே தலைக்கு வாங்கலாம். 40 கிலோவைத் தரையிலிருந்து தனியாகத் தூக்கி முதுகில் ஏற்றிப் பார்த்தவனுக்கு அந்தக் கல்லின் அருமை புரியும். உங்கள் கவச உடையைச் சுமைதாங்கியாக்குங்கள். முழங்கால் பூட்டிக்கொண்டு உடை தானாக நிற்கட்டும். வீரன் உடம்போடு இருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு பின்பக்கமாக வெளியே வரட்டும். நீரேற்று நிலையத்துக்கு அரை மைல் முன்னால், பனங்கொல்லையில் பன்னிரண்டு வெற்று உடைகள் சுமையோடு நிற்கும் காட்சியை எழுதிப் பாருங்கள். சண்டை முடிந்து எத்தனை பேர் திரும்பி வந்து அவற்றுக்குள் ஏறுகிறார்கள் என்பதில் உங்கள் கதைக்கு ஓர் அத்தியாயம் இருக்கிறது.

அப்புறம், தண்ணீர் இருக்கிற ஊரில் எல்லாவற்றையும் ஏன் சுமக்க வேண்டும்? ஆறு கடக்கும்போது நாங்கள் முதுகுப்பையைத் தார்ப்பாயில் சுற்றித் தண்ணீரில் விட்டுத் தள்ளிக்கொண்டு போவோம். காற்றுப் புகாமல் கட்டிய 60 லிட்டர் மூட்டை 60 கிலோ வரை மிதக்கும். வெள்ளக் காலத்தில் நம்மவர்கள் வாழைமரத் தெப்பத்தில் நெல் மூட்டை ஏற்றுவதும் இதேதான். கடல் ஏறிய உங்கள் டெல்டாவில் முழங்கால் தண்ணீர் இருக்கும் இடமெல்லாம் சுமை மிதந்து வரட்டும். வரப்பும் மேடும் வரும்போது மட்டும் உடை தூக்கட்டும்.

எதை எங்கே என்ற கேள்வி. இன்றைய படைகள் பலவற்றில் இருப்பது 1990-களின் கடைசியில் அமெரிக்கா கொண்டுவந்த 'மோலி' முறையின் வழிதான். உடுப்பு முழுக்க ஓர் அங்குல நாடா வரிசை, ஓர் அங்குல இடைவெளி. பையைக் கோத்துக்கொள்ளலாம், இடம் மாற்றலாம். நல்ல யோசனை, ஆனால் இடம் இருக்கிறதே என்று உடம்பெல்லாம் பை தொங்கவிடும் ஆசை வரும். வரப்பு ஓரடி உயரம். நெஞ்சில் மூன்று அடுக்கு தோட்டா மேகசின் மாட்டியவன் அதன் பின்னால் படுத்தால் உடம்பு தூக்கிக்கொண்டு நிற்கும். முன்பக்கத்தைத் தட்டையாக விடுங்கள். வரப்பின் அகலமும் ஒன்றரை அடிதான், நண்டு வளை வேறு. இடுப்பின் இரு பக்கமும் பை புடைத்தால் ஆள் சாய்வார். கனமானது முதுகின் மேல்பாதியில், உடம்போடு ஒட்டி. குண்டும் கட்டுத்துணியும் எந்தக் கையாலும் எட்டும் இடத்தில். ஜிப்பும் வெல்க்ரோவும் நம் களியில் ஒரு நாள் தாங்காது. கொக்கியும் மரக்குமிழும் போதும்.

அவிழ்க்கும் வசதியை மறக்கவே கூடாது. 1944 ஜூன் 6 அன்று நார்மண்டிக் கரையில் எதிரியின் குண்டு படாமலே, முதுகுச் சுமையால் மூழ்கிச் செத்தவர்கள் உண்டு. 2007-ல் வந்த அமெரிக்கக் கவச மேலாடையில் ஒரே இழுப்பில் மொத்தமும் கழன்று விழும் கயிறு இருக்கிறது. ஒரு பயிற்சியில் வாய்க்கால் தாண்டும்போது நான் குப்புற விழுந்தேன். மார்புக் கொக்கி மண் ஏறித் திறக்கவில்லை. இடுப்பளவு தண்ணீர்தான். பின்னால் வந்தவர் கத்தியால் வாரை அறுக்கவில்லையென்றால் இந்தப் பதிலை யாராவது வேறொருவர்தான் எழுதியிருப்பார்.

நீங்கள் பட்டியலில் தண்ணீருக்கு 3 கிலோ போட்டிருந்தால் திருத்துங்கள். நம் புழுக்கத்தில் சுமையோடு நடந்தால் மணிக்கு ஒரு லிட்டர் வியர்ப்பது சாதாரணம். எட்டு மணி நேரம், எட்டு கிலோ, ஓர் இரவுக்கு மட்டும். காவிரித் தண்ணீர் என்றால் வடிகட்டலாம். உங்கள் கதையில் அது உப்பு. உயிர்காக்கும் படகுகளில் வைக்கும் கை பம்பு உப்புநீக்கி இன்றைக்கே இருக்கிறது. எடை ஒரு கிலோ சொச்சம், மணிக்கு ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத் தரும். அதாவது வியர்க்கிற அளவுக்குக்கூட வராது. நான்கு பேருக்கு ஒன்று கொடுத்து, பகலில் படுக்கும்போது முறைவைத்து அடிக்கச் சொல்லுங்கள். அப்போதும் போதாத தண்ணீரைக் கொண்டுதான் வர வேண்டும்.

கடைசியாகக் கால். வியட்நாமின் மீகாங் டெல்டாவில், நம் வயல் மாதிரியே நெல் வயல்களில், அமெரிக்கச் சிப்பாய்களின் பாதம் ஊறி வீங்கி நடக்க முடியாமல் போனது. 'நெல்வயல் கால்' என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். நம் சேற்றுப்புண்ணுக்கு அண்ணன் முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். 48 மணி நேரத்துக்கு மேல் ஆளை ஈரத்தில் வைக்காதே என்று அங்கே வரம்பு வைக்க வேண்டிவந்தது. உங்கள் கதையில் மூன்று இரவு, இரண்டு பகல். பகலில் மேட்டில் ஏறி, பூட்ஸைக் கழற்றி, காலைக் காயவிட்டு, உலர்ந்த காலுறை போட்டால்தான் மூன்றாம் இரவு நடை உண்டு. ஆளுக்கு மூன்று ஜோடி, மெழுகுத் துணியில் சுற்றி. அரைக் கிலோவுக்கு மேல் வராது.

இப்போது கணக்கைத் திருத்தி எழுதுகிறேன்: உடம்போடு 22 கிலோ, உடையில் 25, நான்கு பேருக்கு ஒரு மிதவையில் 80. மீதியை டிரோன் கொண்டுவரட்டும். பத்து லிட்டர் டேங்கோடு மருந்தடிக்கும் டிரோன் இப்போதே நம் வயலுக்கு மேல் பறக்கிறதே. ஐப்பசியில் மழை விட்ட ஒரு நாளில், ஒரு பையில் 22 கிலோ நெல் கட்டிக்கொண்டு ஊர் வரப்பில் ஒரு மைல் நடந்துவிட்டு, அப்புறம் உங்கள் மூன்றாம் அத்தியாயத்தைத் திருத்துங்கள். துணைக்கு உங்கள் நண்பரையும் கூட்டிப்போங்கள், அவர் கையில் ஒரு கத்தி இருக்கட்டும்.