ஒரே ஒரு வளைகோடு போதுமா?

கேள்வி: டீச்சர், நான் பினாங்கில் வேதியியல் முதுகலை ஆய்வு செய்கிறேன். அமிலத்திலிருந்து ஹைட்ரஜன் எடுக்கும் ஒரு கோபால்ட் வினையூக்கியைச் சுழற்சி வோல்டமெட்ரியில் (மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி, மின்னோட்டத்தை வளைகோடாக வரையும் முறை) பார்த்தேன். கணினியில் ஒரு வினைவழியை, அதாவது வினை நடக்கும் படிகளின் வரிசையைக் கொடுத்து ஓட்டினால், என் வளைகோட்டோடு அப்படியே பொருந்துகிறது. ஆனால் மேற்பார்வையாளர், “இதை வைத்து வினைவழி இதுதான் என்று சொல்ல முடியாது” என்கிறார். ஏன்?
– வாசகி, கெப்பாலா பத்தாஸ்

பதில்: அவர் சொல்வது சரிதான், மகளே. எத்தனை ஸ்கேன் வேகங்களில் (மின்னழுத்தத்தை மாற்றும் வேகம்) பொருந்தியது என்று நீங்கள் எழுதவில்லை. நொடிக்கு 100 மில்லிவோல்ட் ஒன்றில் மட்டும் என்றே எடுத்துக்கொள்கிறேன். வினைவேக மாறிலி, விரவல் குணகம், சமநிலை மாறிலி என்று நாலைந்து எண்களை நம் விருப்பப்படி திருப்பலாம் என்றால், ஒற்றை வளைகோட்டுக்குப் பல வினைவழிகள் பொருந்திவிடும்.

பட்டர்வொர்த் பெர்ரியை நினைத்துக்கொள்ளுங்கள். மின்முனை இந்தக் கரை, அமிலம் அந்தக் கரை. வினையூக்கி எலக்ட்ரானை ஏற்றிப்போய் இறக்கிவிட்டுத் திரும்பி வருகிறது. அந்தக் கரையில் அமிலம் தாராளமாக இருந்தால், பெர்ரி எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறது என்பதுதான் மின்னோட்டத்தைத் தீர்மானிக்கும். அப்போது வளைகோடு ‘எஸ்’ போல ஏறித் தட்டையாக நிற்கும். ஸ்கேன் வேகத்தைக் கூட்டினாலும் அந்தத் தட்டு உயராது. மின்முனை அருகில் அமிலம் தீர்ந்துபோனால் தட்டுக்குப் பதிலாக உச்சம் வந்து இறங்கும். அமிலமே இல்லாவிட்டால், வினையூக்கி எலக்ட்ரானை வாங்கித் திருப்பித் தரும் மீள்வினையின் உச்சம் ஸ்கேன் வேகத்தின் வர்க்கமூலத்தோடு ஏறும்: 100ஐ 400 ஆக்கினால் இரண்டு மடங்கு.

இதை வைத்துக் கையாலேயே கணக்குப் போடலாம். தட்டின் உயரத்தை, அமிலம் இல்லாதபோது கிடைத்த உச்சத்தால் வகுங்கள். 100 மில்லிவோல்ட்டில் விடை 10 என்றால், ஒரு நடைக்கு ஓர் எலக்ட்ரான் என்ற எளிய கணக்கில், 25 டிகிரியில், நொடிக்கு ஏறத்தாழ 78 நடை. 400க்குப் போனால் அதே விகிதம் 5 ஆக வேண்டும். வராவிட்டால் மாதிரியில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. அப்புறம், அமிலத்தை நான்கு மடங்காக்கிப் பாருங்கள். வினையின் வேகம் அமிலத்தின் செறிவுக்கு நேர்விகிதமாக (முதல் படி) இருந்தால் தட்டு இரண்டு மடங்காகும், செறிவின் வர்க்கத்துக்கு (இரண்டாம் படி) என்றால் நான்கு மடங்கு. கணினி எவ்வளவு அழகாகப் பொருத்தினாலும், இந்தச் சோதனைக்கு ஈடாகாது.

அமிலம் இல்லாதபோது போகையிலும் திரும்புகையிலும் வரும் இரண்டு உச்சங்களின் இடைவெளி 59 மில்லிவோல்ட்டைவிட அகலமாக இருந்தால், எலக்ட்ரான் மெதுவாகத் தாவுகிறது என்று கணினி சொல்லும். உடனே நம்பாதீர்கள். எலக்ட்ரான் வேகமாகத் தாவும் ஒப்பீட்டுச் சேர்மமான ஃபெரோசீனையும் அதே கலத்தில் ஓட்டுங்கள். அதுவும் அகன்றிருந்தால், காரணம் பெரும்பாலும் கரைசலின் மின்தடைதான்.

பிரெஞ்சு மின்வேதியியலாளர் சாவெயானின் குழு 2012இல் எழுதிய ‘அலையின் அடிப்பகுதி’ முறையையும் படித்துவிடுங்கள். அமிலம் தீர்வது, விளைபொருள் தடுப்பது போன்ற தொல்லைகள் தலைதூக்கும் முன், அலை ஏறத் தொடங்கும் இடத்திலேயே வேகத்தைக் கணிக்கும் முறை அது. உச்சமாக மடிந்துபோன வளைகோட்டுக்கு அதுதான் கைகொடுக்கும்.

கோலாலம்பூரில் நான் ஆய்வு மாணவியாக இருந்தபோது, என் கோபால்ட் சேர்மத்துக்கும் இப்படித்தான் கச்சிதமாகப் பொருந்தியது. மூன்று மாதம் அதை நம்பி எழுதினேன். கடைசியில் மின்முனையை அலுமினாப் பொடியில் தேய்க்காமல் வெறுமனே கழுவி, வினையூக்கி இல்லாத புதிய அமிலக் கரைசலில் வைத்தேன். மின்னோட்டம் அப்படியே வந்தது! சேர்மம் சிதைந்து கார்பன் மின்முனை மேல் படிந்திருக்க, வேலையைச் செய்தது அந்தப் படிவு. அன்று இரவு நான் தூங்கவில்லை. அந்த மூன்று மாதம் உங்களுக்கும் வீணாகக் கூடாது என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன்.

இந்த வாரமே அந்தக் கழுவல் சோதனையைச் செய்யுங்கள். தேய்த்துச் சுத்தம் செய்த மின்முனையையும் அதே அமிலத்தில் ஒருமுறை ஓட்டி, இரண்டு வளைகோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து எனக்கு அனுப்புங்கள்.